பெருமூச்சு விட்ட தள்ளு மெஷின்

அத்தியாயம் 6

கொலை வழக்காக இருந்திருந்தால் ராமலட்சுமிக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். பிணம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். இந்த வழக்கில் செத்ததாகச் சொல்லப்பட்ட மூன்றும், கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் உயிர் பெற்று ஓடின.

மூன்றும் புல்வெட்டும் இயந்திரங்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் வகை இல்லை. நான்கு சக்கரத்தில் தானே நகரும், ஆள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும். ஈப்போவில் அதற்குத் தள்ளு மெஷின் என்று பெயர். மூன்றும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நிறம். வாங்கியவர் துளசி. புந்தோங்கில் புல்வெட்டும் குத்தகைகளை எடுத்து, ஆட்களை வைத்து நடத்துபவர். தள்ளியவர் அவருடைய தம்பி பத்துமலை. மூன்றும் நின்றுபோன இடம், பீடோருக்குப் பக்கத்தில் முன்பு ரப்பர் மரங்கள் நின்ற கித்தா தோட்டமாக இருந்து இப்போது வீடுகள் நிறைந்த தாமான் என்னும் குடியிருப்பாகிவிட்ட ஊரின் பெரிய திடல்.

"யாரு செய்றான்னு எனக்குத் தெரியும் மேடம்," என்றார் துளசி. மிளகாய் அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ராமலட்சுமியின் அலுவலகத்தில் எல்லோரும் தும்முவார்கள். துளசி தும்மவில்லை. அந்த அளவுக்குக் கோபமாக இருந்தார். "நீங்க சாட்சி மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க."

துப்பறியும் தொழிலில் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள்தான் அதிகம். பதிலைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். ராமலட்சுமி காப்புறுதிக் கம்பெனியில் வெகுகாலம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். தானாகத் தீப்பிடித்த கடைகளையும், தானாகக் குளத்தில் குதித்த கார்களையும் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு வற்றிப்போனவர். யார் என்று மட்டும் கேட்டார்.

"என் தம்பி."

மீதியைத் துளசி மூச்சு விடாமல் சொன்னார். நாளைக் காலை அந்தத் தாமான் கமிட்டி இரண்டு குத்தகைக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறது. இத்தனை நாள் தம்பி பழகிப் பார்த்த அதே திடலில் ஆளுக்குப் பாதி. யார் வெட்டு சமமாக, நிற்காமல் முடிகிறதோ அவருக்கே அந்தத் தாமானின் மொத்தப் புல்லும். எதிராளி காம்பாரைச் சேர்ந்த சுகுமாரன். போன வாரம் காம்பார் சாப்பாட்டுக்கடை ஒன்றில் பத்துமலையும் சுகுமாரனும் தலையோடு தலை முட்டப் பேசிக்கொண்டிருந்ததைத் துளசியின் ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். மெஷின்கள் கடையில் ஓடுகின்றன, தம்பி கையில் மட்டும் நிற்கின்றன. நின்றதும் தம்பி மரத்தடியில் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடிக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? நேற்று ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், இனி வேலைக்கு வராதே, பாலாயில் போலீஸ் புகார் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது மெஷினையும் இன்றைக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

"அவன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நானு," என்று சொல்லிவிட்டுத்தான் துளசி தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் நெடி என்றார்.

ஓரமாகச் சுவரில் சாய்ந்திருந்த தர்மேந்திரன் வாயைத் திறந்தான். ராமலட்சுமியின் உதவியாளன். அதற்கு முன் ரோசாக்காகி நடுவழியில் நின்ற கார்களை இழுத்துச் செல்லும் லாரி ஓட்டியவன். பேச்சும் அப்படித்தான், எதையாவது கட்டி இழுத்துக்கொண்டே இருக்கும்.

"மூணு மெஷினும் ஒரே ஆளு கையில மயக்கம் போடுதுன்னா, ஒண்ணு அவரு கெட்டவரா இருக்கணும். இல்லன்னா ரொம்ப அழகா இருக்கணும் அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. மத்தியானம் மூன்றாவது மெஷினோடு திடலுக்கு வரும்படி துளசியிடம் சொன்ன ராமலட்சுமி, பத்துமலையின் கைப்பேசி எண்ணைக் கேட்டார். அவன் எதற்கு என்று துளசி முகம் சுளித்தார். மெஷின் அவர் கையில்தானே நிற்கிறது, வேறு யாரைக் கூப்பிடுவது என்றார் ராமலட்சுமி.

* * *

ஈப்போ பழைய டவுனில் சீனி நடத்தும் மெஷின் கடைக்குள் நடக்க இடம் கிடையாது. ரம்பம், தண்ணீர்ப் பம்பு, தோள் மெஷின், அவற்றுக்கு நடுவே சீனி. எந்த மெஷின் நல்ல மெஷின் என்று கேட்டால் மனிதர் பதில் சொல்ல மாட்டார். முன்னாடி அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று நம்மைக் கேட்பார்.

கித்தா தோட்டம் என்று தர்மேந்திரன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மரத்தை வெட்டினாலும் அடிவேர் மண்ணுக்குள் கிடக்கும், மழை பெய்யப் பெய்ய மேலே வரும், கத்தி அதில் போய் மோதும் என்று தொடங்கினார். கத்தியை மூடியிருக்கும் தகடு மெல்லியதாக இருந்தால் நெளிந்துவிடுமாம். பெல்ட்டில் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் புல் வெட்டும் வீட்டுக்காரர்களுக்கு ஆகுமாம். தினமும் வெட்டிப் பிழைக்கிறவர்களுக்குச் சக்கரத்தைத் தண்டு சுழற்ற வேண்டும், தகடு தடிமனாக இருக்க வேண்டும், கல்லைப் பார்த்ததும் இஞ்சின் ஓட ஓடக் கத்தியை மட்டும் நிறுத்த ஒரு பிடி வேண்டும். துளசிக்குத் தான் கொடுத்த மூன்றும் அந்த ரகம் என்று சத்தியம் செய்தார்.

"மாப்பிள்ளை பார்க்கிறதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லலா," என்றான் தர்மேந்திரன்.

"மாப்பிள்ளைய மழையில விடமாட்டாங்க," என்றார் சீனி.

ராமலட்சுமிக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன நடந்தது என்று அவர் யாரையும் கேட்பதில்லை. நடந்ததைச் சொல்லும்போது எல்லோரும் கதைதான் சொல்வார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் பொய் சொல்லத் தோன்றாது. மெஷின் திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று சீனியைக் கேட்டார்.

எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பெட்ரோல் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பாராம். பிறகு கயிற்றை இழுப்பாராம். ஒரே இழுப்பு, ஓடுமாம். எவ்வளவு நேரம் ஓட விடுவீர்கள் என்றதற்கு, கொஞ்ச நேரம்தான், பக்கத்துக் கடை முதலாளி தவுக்கே புகை தாங்காமல் திட்டுவார் என்றார்.

முதல் மெஷின் கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது துளசியிடம் இருக்கிறது. இரண்டாவது பச்சை மெஷின் எங்கே என்றபோது சீனி ஒரு ஸ்பேனரை எடுத்து, தேவையில்லாமல் துடைத்தார். விற்றுவிட்டதாகச் சொன்னார். யாருக்கு என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"சுகுமாரனுக்கு," என்றார். "துளசி அக்காகிட்ட சொல்லிறாதீங்க. நான் கடை நடத்தணும்."

தர்மேந்திரன் காரை எடுக்க ஓடினான். இந்த வழக்கில் முதல் முறையாக ஒரு நல்ல துப்பு கிடைத்திருந்தது. துளசி கையில் செத்த மெஷின் எதிராளி கையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

* * *

அது ஓடிக்கொண்டிருந்தது. காம்பாரில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் வீட்டு வரிசைக்கு எதிரே, நீளமான புல்மேட்டில், நிற்காமல், இருமாமல் ஓடியது. பின்னால் சுகுமாரன் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தார். அவர்கள் சாலையோரம் கரும்புச்சாறு குடித்து முடிக்கும் வரை ராமலட்சுமி அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

"மெஷினு கட்சி மாறிடுச்சு," என்றான் தர்மேந்திரன்.

சுகுமாரன் ஒளிக்கவில்லை. ஆமாம், சீனியிடம் வாங்கியது, துளசி வேண்டாம் என்று தள்ளியது என்று ஒப்புக்கொண்டார். வாங்கியதிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. அந்தம்மாவுக்கு மெஷின் தேர்ந்தெடுக்கத் தெரியும், வைத்துக்கொள்ளத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். பத்துமலையோடு என்ன பேச்சு என்றதும் சிரிப்பு குறைந்தது. பத்துமலைதான் தேடி வந்தாராம். அக்காவின் மெஷின்கள் நின்று நின்று போகின்றன, நீங்கள் நிற்காத மெஷின் எது வைத்திருக்கிறீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டாராம்.

"எப்படிச் சொல்றது? உங்க அக்கா திருப்பிக் கொடுத்ததுதான்னா?" சுகுமாரன் உதட்டைப் பிதுக்கினார். "என்கிட்ட வேலைக்கு வாங்கன்னு மட்டும் கூப்பிட்டேன். அக்காவ விட்டு வரமாட்டேன்னு போயிட்டாரு."

மெஷினை வாங்கியதும் நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள் என்று ராமலட்சுமி கேட்டார்.

"கழுவுனேன். மேல கீழ எல்லாம் சந்தனம், குங்குமம், அப்பிக் கிடந்துச்சு. இன்னொரு வீட்டுப் பூசை நமக்கு எதுக்குன்னு தேய்ச்சுக் கழுவிட்டேன்."

ராமலட்சுமி தலையாட்டினார். பச்சை மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து எண்ணெய் மூடியைத் தொட்டுப் பார்த்தார். மூடி உச்சியில், வட்டமாக, உள்ளங்கை அளவுக்கு இருந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, நாளைக்கு நீங்கள்தான் தள்ளப் போகிறீர்களா என்று பொதுவாகக் கேட்டார். இல்லை, இன்று காலையில்தான் நல்ல ஆள் ஒருவர் கிடைத்தார் என்றார் சுகுமாரன்.

காரில் ஏறியதும் தர்மேந்திரன் தன் முடிவைச் சொன்னான். பத்துமலை குற்றவாளி இல்லை. சீனிதான். நல்ல மெஷினைக் கெட்டது என்று திரும்ப வாங்கி, எதிராளிக்கு விற்கிறார்.

சீனி கெட்டது என்று சொல்லவே இல்லை, மூன்று முறையும் நன்றாக ஓடுகிறது என்றுதான் சொன்னார், கெட்டது என்று சொன்னது துளசிதான் என்றார் ராமலட்சுமி. தர்மேந்திரன் பீடோர் வரை யோசித்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

* * *

திடலில் துளசியின் லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்துமலை நின்றார். நாற்பதைத் தாண்டிய, வெயிலில் காய்ந்த ஒல்லி மனிதர். அக்கா இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. தர்மேந்திரன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அழகு காரணமாக இருக்க முடியாது என்று ராமலட்சுமியின் காதில் சொன்னான்.

மெஷினை இறக்கியதும் துளசி தன் வேலையைத் தொடங்கினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். கிண்ணத்திலிருந்து குழைத்த சந்தனத்தை அள்ளி, மெஷினின் உச்சியில் இருந்த வட்ட மூடியின் நடுவில் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஊரில் பாதிப் பேர் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் செய்வதுதான். துளசி தினமும் செய்வார். அந்த மூடி நெற்றி போலவே இருந்ததால் பொட்டு எங்கே என்ற குழப்பம் அவருக்கு வந்ததே கிடையாது.

ராமலட்சுமி பத்துமலையிடம் ஓட்டச் சொன்னார்.

பத்துமலை ஒரே இழுப்பில் கிளப்பினார். திடலின் அந்த ஓரம் வரை போனார், திரும்பினார், வந்தார். அவர் வெட்டிய வரிசை நூல் பிடித்ததுபோல் இருந்தது. துளசி நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சில வரிசைகள் முடிந்து, திடல் நடுவே வந்தபோது மெஷின் இருமியது. இன்னொருமுறை இருமியது. நின்றது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் துளசி. தான் நினைத்தது சரியாகப் போனதில் அவருக்குத் துளியும் சந்தோஷம் இல்லை.

இருவரும் பத்துமலையிடம் நடந்தார்கள். நின்றதும் வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று ராமலட்சுமி அவரைக் கேட்டார்.

"களைச்சுப் போச்சுன்னு கொஞ்ச நேரம் விட்டுருவேன். அப்பறம் மூடியத் திறந்து எண்ணெ பார்ப்பேன்." பத்துமலை தயங்கினார். "திறந்தா ஒரு பெருமூச்சு விடும். அதுக்கப்பறம் ஓடும். திரும்ப நிக்கும். அக்காகிட்ட சொன்னேன், மெஷினு பெருமூச்சு விடுதுன்னு. கிண்டல் பண்றேன்னு ஏசுச்சு."

ராமலட்சுமி மூடியைத் திருகினார். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவர் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். குங்குமம் உதிர்ந்தது. அடியில் நேற்றைய சந்தனம், அதற்கடியில் முந்தாநாள் சந்தனம். கடைசியில் மூடியின் நடுவில், ஊக்கு நுழையும் அளவுக்கு ஒரு துளை தெரிந்தது.

"இது மூச்சு விடுற ஓட்டை," என்றார் ராமலட்சுமி. "சூசு டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா பால் ஊத்துமா? ஊத்தாது. காத்துப் போக இன்னொரு ஓட்டை வேணும். இஞ்சின் எண்ணெ குடிக்கக் குடிக்க இந்த வழியா காத்து உள்ள போகணும். போகலன்னா கொஞ்ச நேரம் இழுத்துப் பார்க்கும், முடியாம நின்னுரும். மூடியத் திறந்தா காத்துக் கிடைச்சுரும், ஓடும். சீனி மூடியத் திறந்து பார்த்துட்டுத்தான் கிளப்புவாரு, அதுவும் கொஞ்ச நேரம். நீங்க திருப்பிக் கொடுத்த பச்ச மெஷின வாங்குன சுகுமாரன் அதத் தேய்ச்சுக் கழுவிட்டாரு. உங்க மூணு மெஷினும் நல்ல மெஷினுங்க துளசி. அதுங்க கழுத்த நெரிச்சது நீங்க."

துளசி கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். தோள் மெஷின் அத்தனைக்கும் இத்தனை காலம் பொட்டு வைத்தேனே, ஒன்றுகூட நிற்கவில்லையே என்று முணுமுணுத்தார். தோள் மெஷினுக்கு மூடி அடியில் பக்கவாட்டில் இருக்கிறது, உங்கள் பொட்டு மேல்மூடியில்தான் விழுந்திருக்கும் என்றார் ராமலட்சுமி. பத்துமலை காம்பாருக்குப் போய்ப் பேசியது எதற்கு என்பதையும் சொன்னார்.

பத்துமலை சுத்தமான மூடியை மாட்டி மெஷினைக் கிளப்பினார். திடலை ஒட்டிய சாலையோரப் புல் முழுவதையும் அவர் வெட்டி முடிக்கும் வரை அது இருமக்கூட இல்லை. அத்தனை நேரமும் துளசி வெயிலில் அசையாமல் நின்றார். தர்மேந்திரனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் சொல்லவில்லை.

மெஷின் நின்றதும் துளசி தம்பியிடம் போனார்.

"தப்பு என்மேலதான்டா. அத்தன பேரு முன்னால உன்னத் திருடனாக்கிட்டேன். என்னை மன்னிச்சிரு. நாளைக்கு நீயே வந்து தள்ளு."

"தள்ளத்தான் போறேன்க்கா," என்றார் பத்துமலை. கைப்பிடியைப் பார்த்தபடியே பேசினார். "சுகுமாரன் மெஷின. இன்னைக்குக் காலையில வாரேன்னு சொல்லிட்டேன்."

பத்துமலை கைப்பிடியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"நீ பாலாய்னு சொன்னப்பறம் நான் எங்க போறதுக்கா? வாக்குக் கொடுத்துட்டேன். வாக்கு மாறினா அப்பறம் நீ சொன்ன மாதிரி ஆளுதான் நானு."

துளசி அவரைக் கெஞ்சவில்லை. கெஞ்சும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தர்மேந்திரன் மெதுவாக, நாம் இந்த வழக்கில் ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டான். அறிக்கையில் ஜெயித்ததாக எழுது என்றார் ராமலட்சுமி.

துளசியின் மற்ற ஆட்கள் எல்லோரும் தோள் மெஷின்காரர்கள். தள்ளு மெஷினைத் தொட்டவர் ஒருவரும் கிடையாது. துளசி கிண்ணத்தைப் புல்லில் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். கைப்பிடியைப் பிடித்து, கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் மெஷின் கிளம்பி அவரை இழுத்துக்கொண்டு போனது. வரிசை பாம்பு போனதுபோல் வளைந்தது. ஓரத்துக்குப் போய்த் திருப்பத் தெரியாமல் மெஷினைத் தூக்க முயன்றார், தடுமாறினார், மறுபடி தூக்கினார்.

முதல் வரிசையைப் பத்துமலை பொறுத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் முடியவில்லை. ஓடிப்போய் அக்காவின் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.

"தூக்காதக்கா. கைப்பிடிய அமுக்கு, முன் சக்கரம் தானா எழும்பும். அப்படியே சுத்து. ஆங், அப்படித்தான்." பிறகு, இஞ்சின் சத்தத்தை மீறிக் கத்தினார். "சீனிகிட்ட இதத் திருப்பிக் கொடுத்துறாத. மூணுலயும் இதுதான் நல்ல மெஷினு. தகடு தடிமன். அந்தப் பக்கம் மூலையில வேரு இருக்கு, கத்திய நிறுத்திட்டுப் போ. பச்ச மெஷினுக்கு நாளைக்கு அந்த மூலை ஆகாது."

"அத ஏன்டா என்கிட்ட சொல்ற?"

பத்துமலை குனிந்து, சக்கரத்துக்கு முன்னால் கிடந்த குச்சியை எடுத்து வீசினார்.

"நாளைக்கு நீ எனக்காக விட்டுக்கொடுத்தன்னு வையி, அப்பறம் இருக்கு உனக்கு," என்று துளசி கத்தினார்.

"விட்டுக்கொடுக்க மாட்டேன்."

துளசி அழுதது இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பத்துமலை தன் முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடுத்த வரிசைக்கு எங்கே திருப்ப வேண்டும் என்று அக்காவுக்குக் கையைக் காட்டினார்.